பலாலியிலிருந்து கோட்டூர்புரம் வரை: ஆகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளை அறிவியல் மையத்துக்குக் கூட்டிப்போவது எப்படி

சென்னை கோட்டூர்புரத்தில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. பெரியார் அறிவியல் மையமும் பிர்லா கோளரங்கமும் ஒரே வளவுக்குள். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போக நாங்கள் இரண்டு ஆகஸ்ட் மாதங்களைச் செலவழித்தோம். முதல் தடவை சென்னை வரை போய், மையத்தின் கேற்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். இரண்டாம் தடவைதான் உள்ளே போனோம். யாழ்ப்பாணம் கோண்டாவிலிலிருந்து கிளம்பும் இன்னொரு குடும்பம் அதே இடங்களில் இடறக்கூடாது என்று இதை எழுதுகிறேன்.

கோளரங்கம் கொழும்பிலும் இருக்கிறதே, ஏன் சென்னை என்று கேட்பீர்கள். கொழும்புக்குப் போவதானால் தமிழில் காட்சி எந்த நாள் என்று தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துவிட்டுப் போங்கள். எங்களுக்கு அந்த நாளும் பிள்ளைகளின் விடுமுறையும் பொருந்தவில்லை. சென்னையில் தமிழ்க் காட்சி அன்றாடம் நடப்பது. அதுவும் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது, அதை ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

1. முதலில் நாட்காட்டியை எடுங்கள்

விமான ரிக்கெற்றைத் தேட முதல் இதைச் செய்யுங்கள். எங்கள் முதல் பயணம் கெட்டது இங்கேதான்.

நம் ஆகஸ்ட் விடுமுறை முன்பு போல ஒரு மாதம் வருவதில்லை. சில வருடங்களில் பத்து நாள்தான். பாடசாலை எழுத்தில் தரும் தவணைத் திகதியை வைத்துக் கணக்குப் போடுங்கள், வட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலை நம்பாதீர்கள். வீட்டில் ஐந்தாம் தரப் பிள்ளை இருந்தால் புலமைப்பரிசில் பரீட்சை எப்போது என்று பாருங்கள். 2025இல் அது ஆகஸ்ட் 10ஆம் திகதி நடந்தது. அந்த வருடம் அந்தப் பிள்ளையுள்ள வீடு எதையும் திட்டமிடாமல் இருப்பதே நல்லது.

அடுத்தது நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழா. கொடியேறினால் இருபத்தைந்து நாள், அது பெரும்பாலும் நம் விடுமுறையின் மேலேயே வந்து விழும். "தேருக்கு நிக்காமல் எங்கை போறியள்?" என்று எங்கள் மாமி கேட்ட கேள்விக்கு இன்றுவரை எங்களிடம் பதில் இல்லை. தேர், தீர்த்தம் இரண்டையும் விட்டுவிட்டு நாள் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த உறவுகள் திரும்பும் காலமும் அதுதான் என்பதால் திருவிழா முடிந்த கையோடு இருக்கைகள் கிடைப்பது கடினம்.

இப்போது பெரிய பொறி. ஆகஸ்ட் 15 இந்தியாவின் சுதந்திர தினம். தேசிய விடுமுறை நாட்களில் மையம் பூட்டு. நமக்கு அது ஒரு சாதாரண நாள், அதனால் மனதில் நிற்காது. நாங்கள் 14ஆம் திகதி போய் இறங்கி, 15ஆம் திகதியை மையத்துக்கு ஒதுக்கி, 16ஆம் திகதி திரும்ப ரிக்கெற் போட்டிருந்தோம். ஓட்டோக்காரர் இறக்கிவிடும்போதே, "இன்னைக்கு லீவாச்சே சார்" என்றார். பிழை முழுக்க எங்களுடையது. மகள் கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்ற நிலை இன்னும் கண்ணில் நிற்கிறது.

இன்னொன்று. 'கோடைக்கால அறிவியல் முகாம்' என்று இணையத்தில் பார்த்துவிட்டு ஆசைப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் கோடை விடுமுறை ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும். ஆகஸ்டில் அங்கே பாடசாலை நடக்கிறது, முகாம் இருக்காது. சுற்றுலா வரும் மாணவர் கூட்டம் இருக்கும். வார நாட்களில் காலை வேளையில் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். மதியத்துக்குப் பிறகு ஓரளவு மூச்சு விடலாம். சனி, ஞாயிறில் உள்ளூர்க் குடும்பங்கள் வரும். நாங்கள் இரண்டாம் முறை தெரிந்தெடுத்தது ஒரு புதன்கிழமை.

2. கடவுச்சீட்டு: பிள்ளைகளுடையதைத் திறந்து பாருங்கள்

பெரியவர்களுடையது பத்து வருடம் செல்லும் என்பதால் ஒருவரும் பார்ப்பதில்லை. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மூன்று வருடம்தான். எடுத்த ஞாபகம் நேற்று மாதிரி இருக்கும், திறந்து பார்த்தால் நான்கு மாதம் மிச்சம் இருக்கும். இந்திய விசாவுக்கு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், முத்திரை குத்த இரண்டு வெற்றுப் பக்கமும் வேண்டும்.

புதிதாக எடுப்பதென்றால், 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் பிராந்தியக் காரியாலயம் திறந்த பிறகு வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ ஓடத் தேவையில்லை. பெரியவர்களுக்கு 2024 பெப்ரவரியில் சாதாரண சேவை 10,000 ரூபாவாகக் கூடியது, ஒருநாள் சேவை அப்போது 20,000 ரூபா. பிள்ளைகளுக்குக் குறைவு. போக முதல் அன்றைய கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கவேண்டியவை: பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பெற்றோர் இருவரின் அடையாள அட்டைகள், அனுமதி பெற்ற ஸ்ரூடியோவில் படம் எடுத்ததற்கான பற்றுச்சீட்டு, பெற்றோரின் சம்மதம். அப்பா வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இந்தச் சம்மதத்தில்தான் நாட்கள் போகும். அதை முதல் வேலையாக எடுங்கள். மூன்று மாதம் முன்பே தொடங்கினால் ஒருநாள் சேவைக்குக் கூடுதல் காசு கட்ட வேண்டி வராது.

3. ஈ-விசா: நீங்களே நிரப்புங்கள்

இந்தியாவுக்கு இலங்கையர் இணையத்தில் சுற்றுலா ஈ-விசா எடுக்கலாம். கைக்குழந்தையானாலும் தனி விண்ணப்பம், தனி விசா.

முதல் பொறி, போலித் தளங்கள். தேடினால் மேலே வந்து நிற்பவற்றில் பல தரகர்களுடையவை. பார்வைக்கு அரசாங்கத் தளம் போலவே இருக்கும், கட்டணம் பல மடங்கு. இந்திய அரசின் தள முகவரி 'டொட் ஜிஓவி டொட் இன்' என்ற பகுதியைக் கொண்டிருக்கும். அது இல்லாவிட்டால் மூடிவிடுங்கள்.

இரண்டாவது, படம். கடவுச்சீட்டுக்கு ஸ்ரூடியோவில் எடுத்த படத்தை ஏற்றினால் ஏற்காது. ஈ-விசாவுக்குச் சதுரப் படம் வேண்டும், பின்னணி வெள்ளை. கடவுச்சீட்டின் விபரப் பக்கத்தை 300 கேபிக்குள் பிடிஎப்பாக ஏற்ற வேண்டும். கொமியூனிகேஷன் கடையில் ஸ்கான் பண்ணித் தரும் கோப்பு பெரும்பாலும் இதைவிடப் பெரிது. "சைஸைக் குறைச்சுத் தாங்கோ" என்று அங்கேயே சொல்லி வாங்குங்கள்.

மூன்றாவது நம் பெயர்கள். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. அப்பாவின் பெயர் முன்னால் வரும், சிலருக்குப் பின்னால் வரும், சிலருக்கு முதலெழுத்தாகச் சுருங்கிவிடும். கடவுச்சீட்டில் எது குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கிறதோ அதையே விசாவிலும் அந்தக் கட்டத்தில் போட வேண்டும். 'உண்மையில் அது என் பெயர் அல்லவே, அப்பாவின் பெயரல்லவா' என்று நியாயம் பார்த்து மாற்றக்கூடாது. முதல் தடவை நாங்கள் ஒரு கடையில் கொடுத்து நிரப்பினோம். அந்தத் தம்பி நல்ல மனதோடு மகனின் பெயரை 'சரியான' ஒழுங்கில் எழுதிவிட்டார். விசாவும் வந்துவிட்டது. அதிலுள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் வேறு. கட்டிய காசு திரும்ப வராது. மகனுக்குப் புதிதாக விண்ணப்பித்து, பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் கைக்கு வந்தது. அந்த இரண்டு கிழமையும் வீட்டில் ஒருவருக்கும் ஒழுங்கான நித்திரை இல்லை.

நிரப்பும்போது பெற்றோரின் பெயர், பிறந்த இடம், இந்தியாவில் தொடர்புக்கு ஒருவர், இலங்கையில் ஒருவர் என்று நிறையக் கேட்கும். இந்தியாவில் சொந்தக்காரர் இல்லாவிட்டால் தங்கும் விடுதியின் பெயரும் தொலைபேசி இலக்கமும் போதும். ஆகவே விடுதியை, காசு கட்டாமல் ரத்துச் செய்யக்கூடிய விதத்தில், முன்னரே பதிந்து வைத்திருங்கள். நான்கு நாளுக்கு முன் விண்ணப்பித்தால் போதும் என்பது விதி. நீங்கள் மூன்று கிழமைக்கு முன் செய்யுங்கள். முப்பது நாள் விசாவுக்குப் பயணத்துக்கு முந்திய முப்பது நாளுக்குள்தான் விண்ணப்பிக்க முடியும் என்பதையும் மனதில் வையுங்கள்.

முன்பு இந்தியாவில் அகதி முகாமில் இருந்துவிட்டுத் திரும்பிய குடும்பங்கள் இணையத்தில் கை வைக்க முதல் யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கேட்டுவிடுங்கள்.

விசா வந்ததும் கடதாசியில் இரண்டு பிரதி எடுங்கள். 2025 ஒக்டோபர் முதல் இந்தியா இணைய வருகை அட்டையும் கேட்கிறது. இறங்குவதற்கு முந்திய 72 மணித்தியாலத்துக்குள் நிரப்புவது, அதற்குக் கட்டணம் இல்லை. ஒரு பெற்றோர் மட்டும் பிள்ளைகளோடு போவதானால் மற்றவரின் சம்மதக் கடிதமும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியும் பையில் இருக்கட்டும். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டால் அந்த இடத்தில் நின்று எழுத முடியாது.

4. ரிக்கெற்றும் காசும்

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு 2022 டிசம்பரில் அலையன்ஸ் எயார் மீண்டும் பறக்கத் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் வந்தது. நீங்கள் போகும் கிழமையில் எது எந்த நாள் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய பறப்பு. சுழலி பூட்டிய சிறிய விமானம், மேலே பை வைக்கும் இடமும் சிறிது. கைப்பை ரிக்கெற்றில் சொன்ன கிலோவைத் தாண்டாமல் வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள்.

காங்கேசன்துறை – நாகப்பட்டினம் கப்பல் மலிவு. நாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு முந்நூறு கிலோமீற்றர் மிச்சம் இருக்கிறது, கடல் குழம்பினால் சேவை நிற்கும். பத்து நாள் விடுமுறையில் சிறு பிள்ளைகளோடு நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

எங்கள் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் நால்வரின் விமான ரிக்கெற். அதற்கடுத்தது விடுதி. மையத்தின் நுழைவுச்சீட்டு நால்வருக்கும் சேர்த்து, விமான நிலையத்தில் குடித்த கோப்பிக்குக் கிட்ட வந்தது. எனவே மிச்சம் பிடிப்பதானால் ரிக்கெற்றில் பிடியுங்கள். இரண்டு மாதம் முன்பே எடுங்கள், வார நடுவில் பறவுங்கள்.

ஒரு இந்திய ரூபாய்க்கு நம் காசில் மூன்றரை ரூபாய் அளவு என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். டொலராகக் கொண்டுபோய், விமான நிலையத்தில் ஓட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் மாற்றி, மிச்சத்தை நகருக்குள் மாற்றுங்கள். அங்கே தேநீர்க்கடை முதல் எல்லாரும் தொலைபேசியில் கியூஆர் குறியீட்டை ஸ்கான் பண்ணித்தான் காசு கட்டுகிறார்கள். நம்மிடம் அது இல்லை. சில்லறைத் தாள்கள் நிறைய வைத்திருங்கள். இணையத்தில் எதையாவது பதியப் போனால் இந்திய இலக்கத்துக்கு ஓடிபி அனுப்புவேன் என்று பல தளங்கள் நிற்கும். நேரில் போய்ச் சீட்டு வாங்குவதே எங்களுக்குச் சுகமாக இருந்தது.

5. மையத்தில் ஒரு நாள்

விமான நிலையத்திலிருந்தே மெட்ரோ ஏறலாம். கிண்டி அல்லது அதற்கு அடுத்த லிட்டில் மவுண்டில் இறங்கி ஓட்டோ பிடியுங்கள். கடற்கரை – வேளச்சேரி ரயிலில் வருபவர்களுக்குக் கோட்டூர்புரம் என்றே நிலையம் இருக்கிறது. ஓட்டோக்காரரிடம் 'பிர்லா கோளரங்கம்' என்றால் விளங்கும்.

பத்து மணிக்குத் திறக்கும். போனதும் காட்சிக்கூடத்துக்குள் ஓடாதீர்கள். முதலில் கோளரங்கக் காட்சி நேரங்களைக் கேளுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் போடுவார்கள், நேரம் அவ்வப்போது மாறும், பராமரிப்பு வேலைக்காக நிறுத்தி வைத்திருக்கவும் கூடும். போவதற்கு முதல் நாள் விடுதியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் இதெல்லாம் தெரிந்துவிடும். சீட்டு வாங்கும்போது "தமிழ் ஷோ" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பம் சொல்லாமல் வாங்கி, ஆங்கிலக் காட்சிக்குள் போய்விட்டது.

இப்போது நான் முதலில் சொன்ன சிக்கல். காட்சி தமிழில்தான். நம் பிள்ளைகள் படிக்கும் தமிழ் இல்லை. நம் பாடநூலில் செய்மதி, அங்கே செயற்கைக்கோள். நம்முடைய தொலைகாட்டி அங்கே தொலைநோக்கி. பௌதிகவியல் இயற்பியல் ஆகிவிடும், இரசாயனவியல் வேதியியல். ஒட்சிசன் ஆக்சிஜன், ஐதரசன் ஹைட்ரஜன், காபனீரொட்சைட்டு கார்பன் டை ஆக்சைடு. உயிரினப் பகுதிக்குப் போனால் கலம் செல்லாகவும் இழையம் திசுவாகவும் நிற்கும். பெரியவர்கள் தொலைக்காட்சியில் கேட்டுப் பழகியதால் நமக்கு இது உறைப்பதில்லை. எட்டு வயது மகள் இருட்டுக்குள் என் கையைச் சுரண்டி, "அம்மா, செயற்கைக்கோள் எண்டால் என்ன?" என்றாள். "செய்மதி" என்றேன். "அப்ப ஏன் அப்பிடிச் சொல்லினம்?" அதற்குள் வியாழனைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

ஆகவே விமானத்தில் இருக்கும் அந்த ஒரு மணித்தியாலத்தில் இதைச் செய்யுங்கள்: கொப்பியில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இந்தப் பக்கம் நம் சொல், அந்தப் பக்கம் அவர்கள் சொல், இருபது சோடி. மகன் தரம் எட்டு. அவன் அதை ஒரு விளையாட்டாக்கி, கூடங்களில் புதுச்சொல் கண்டால் சேர்த்துக்கொண்டே வந்தான். எந்தக் காட்சிப்பொருளைப் பார்த்ததையும் விட இந்தக் கொப்பிதான் அவனுக்குப் பிடித்தது.

கோளரங்கத்தின் கூரை 15 மீற்றர் விட்டமுள்ள அரைக்கோளம். எங்கள் வளவுக் கிணற்றைப் போல ஐந்து மடங்கு அகலம் என்று சொன்னபோதுதான் மகளுக்குப் பிடிபட்டது. வெளிச்சம் அணையும்போது சிறு பிள்ளைகள் பயந்து அழுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தொடங்கிய பிறகு உள்ளே விடுவார்கள் என்று நம்பிப் பிந்தாதீர்கள், கழிவறைக்குப் போகும் வேலையை முதலே முடியுங்கள். குளிரூட்டியின் கீழ் இருப்பதால் ஒரு சால்வை உதவும். பின்வரிசையில் இருந்தால் கழுத்து நோகாது.

காட்சிக்கூடங்களை எல்லாம் பார்த்து முடிக்க நினைத்தால் சண்டையில் முடியும். எந்த அறிவியல் நிலையத்திலும் பிள்ளைகள் பொத்தானை அமத்திவிட்டு, என்ன நடக்கிறது என்று பார்க்க முதல் அடுத்ததற்கு ஓடுவார்கள். நாங்கள் ஒரு ஒப்பந்தம் போட்டோம்: ஆளுக்கு மூன்று, அந்த மூன்றையும் கொப்பியில் கீற வேண்டும், ஒவ்வொன்றிலும் விளங்காத ஒரு விஷயத்தை எழுத வேண்டும். மற்றவற்றை ஓடி ஓடிப் பார்க்கலாம். கீறுவதற்கு நின்றதால் அந்த மூன்றையும் உண்மையிலேயே பார்த்தார்கள்.

இரண்டு காட்சிகளுக்கு இடையில் நேரம் கிடந்தால் பக்கத்தில்தான் அண்ணா நூற்றாண்டு நூலகம். சிறுவர்களுக்குத் தனிப் பகுதி உண்டு, வெயிலுக்கும் ஒதுங்கலாம். பையை வெளியே கொடுத்துவிட்டுப் போக வேண்டியிருக்கும் என்பதால் கடவுச்சீட்டையும் காசையும் இடுப்பில் வைத்திருங்கள்.

சாப்பாடு ஒரு பிரச்சினையே இல்லை. நல்லூர்க் கொடியேறி வீட்டில் மச்சம் (மீன், இறைச்சி) நிறுத்திய குடும்பங்களுக்குச் சென்னை சொர்க்கம்.

6. இன்னொரு நாள் கையில் இருந்தால்

எழும்பூர் அரசு அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை பூட்டு. திமிங்கிலத்தின் எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது, மகள் அதன் கீழிருந்து வர மறுத்தாள். அங்கே வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம், நாமும் வெளிநாட்டவர்தான். கமராவுக்கும் தனிச் சீட்டு. கிண்டிப் பாம்புப் பண்ணைக்குப் போவதானால் செவ்வாயில் போகாதீர்கள்.

7. திரும்பி வந்த கிழமையிலேயே

கோளரங்கத்தில் பார்த்ததை நிஜ வானத்தில் தேடிப் பாருங்கள். இதைப் பிற்போட்டால் பாடசாலையும் ரியூஷனும் தொடங்கிவிடும். சென்னையிலிருந்து துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே 13 பாகையில் நிற்கும், யாழ்ப்பாணத்தில் பத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு இடத்தின் அகலக்கோடு எத்தனை பாகையோ அந்த உயரம்தான். மகன் இதைக் கேட்டதும் நம்பவில்லை.

திரும்பி வந்த மூன்றாம் நாள், நிலவில்லாத இரவு, கீரிமலைக் கரைக்குப் போனோம். வடக்கே மறைப்பு எதுவும் இல்லை, கடல் மட்டும்தான். ஏழரை மணிக்கு சப்தரிஷி நட்சத்திரக் கூட்டம் வடமேற்கே சாய்ந்து, கடலில் விழப்போவது போல நின்றது. அதன் முன்னிரண்டு நட்சத்திரங்களையும் கோடாக நீட்டி வலப்பக்கம் போனால் மங்கலாக ஒன்று, அதுதான் துருவ நட்சத்திரம். கையை முழுதாக நீட்டி முட்டியைப் பொத்தினால் அதன் அகலம் பத்துப் பாகை அளவு வரும். மகன் முட்டியைக் கடல் விளிம்பில் வைத்தான், நட்சத்திரம் அதன் மேலே குந்தியிருந்தது. சென்னையில் என்றால் இன்னும் இரண்டு விரல் மேலே போக வேண்டும். மகள் தன் முட்டி சின்னது, தனக்குப் பிழையாக வரும் என்று அழத் தொடங்கினாள். கையும் கட்டைதானே, வைத்துப் பார் என்றேன். வைத்துப் பார்த்தாள். சரியாக வந்தது.